ஒரே வரியில் ஓடும் கணக்கு

6,000 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை பென்டிரைவில் எழுதுமாறு டிடி (dd) என்னும், யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய நகலெடுக்கும் நிரலிடம் சொன்னால், வேலை முடியும்வரை அது வாயைத் திறக்காது; கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். பிழை இல்லாதபோது மௌனமாக இருப்பதே அந்த நிரல்களின் மரபு. நடப்பதைத் தெரிந்துகொள்ள விரும்பிய லினக்ஸ் (யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம்) பயனர்கள் இன்னொரு முனையத்தை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறந்து, டிடிக்கு ஒரு சமிக்ஞை அனுப்பிக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே நிலவரத்தைக் காட்டும் வசதி 2015-இல்தான் அதில் சேர்ந்தது. வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று காட்டுவதை மக்கள் விரும்புகிறார்கள் எனக் கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார் என்பதை நினைத்தால், இது நீண்ட தாமதம்தான்.

அந்த வசதியை இயக்கினால், நொடிக்கொரு முறை ஒரே வரி மாறிக்கொண்டே இருக்கும்: 150 கோடி பைட் நகலாயிற்று, 120 நொடி, நொடிக்கு 12.5 மெகாபைட். வரி கீழே இறங்காமல் இருந்த இடத்திலேயே மாறுவது எப்படி? விடை தொலைதட்டச்சுப் பொறியின் காலத்திலிருந்து வருகிறது. டெலிடைப் 33 போன்ற பொறிகளில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவது ஒரு கட்டளை, தாளை ஒரு வரி மேலே நகர்த்துவது வேறொரு கட்டளை. எழுத்துகளுக்கும் இத்தகைய கட்டளைகளுக்கும் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் முன்னதன் எண் 13, பின்னதன் எண் 10. இரண்டையும் சேர்த்து அனுப்பினால் புது வரி தொடங்கும். 13-ஐ மட்டும் அனுப்பினால் பழைய எழுத்துகளின் மேலேயே அடுத்த எழுத்துகள் விழும். தாளில் அது மையை அப்பியதுபோல் ஆகிவிடும். திரையிலோ புதிய எழுத்து பழையதை அழித்துவிட்டு உட்காருவதால், அசைவது போன்ற தோற்றம் கிடைக்கிறது.

ஆனால் புதிய வரி பழையதைவிடக் குட்டையாக இருந்தால் வால் மிஞ்சும். ‘100 நொடி’ இருந்த இடத்தில் ‘99 நொடி’ என்று எழுதினால் திரையில் ‘99 நொடிடி’ என்று நிற்கக்கூடும். இதைத் தவிர்க்க, கர்சரிலிருந்து வரியின் கடைசிவரை துடைக்கச் சொல்லும் எஸ்கேப் தொடர் ஒன்றை நிரல்கள் சேர்த்து அனுப்புகின்றன. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நொடி’ நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் நான்கு குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட்டுகள். அகலத்தைத் தவறாகக் கணித்து, வரி திரையின் அகலத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் அடுத்த வரிக்கு வழியும். கர்சர் அந்த இரண்டாம் வரியின் தொடக்கத்துக்கே திரும்புமாதலால், ஒரே வரியில் ஓட வேண்டிய கணக்கு திரை முழுவதும் படிக்கட்டாக இறங்கிவிடும்.

காட்டப்படும் எண்களில் ஐயத்துக்கு இடமில்லாதது கழிந்த நேரம் ஒன்றே. அதையும் சுவர்க் கடிகாரத்தை நம்பி அளக்கக் கூடாது. இணையத்தைப் பார்த்துக் கணினி தன் மணியை இரண்டு நிமிடம் பின்னுக்குத் திருத்திக்கொண்டால், கழிந்த நேரம் எதிர்மறையாகக்கூடப் போகலாம். ஆகவே, பின்னோக்கிச் செல்லாத வேறொரு கடிகாரத்தை இயங்குதளம் தருகிறது. லினக்ஸில் அந்தக் கடிகாரம், மடிக்கணினியை மூடித் தூங்கவைத்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் நிரல் எழுதுபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மீதி நேரம் என்பது ஊகம். 120 நொடியில் 1,500 மெகாபைட் முடிந்ததென்றால், மிச்சமுள்ள 4,500 மெகாபைட்டுக்கு 360 நொடி, அதாவது 6 நிமிடம். ஆனால் கடைசிச் சில நொடிகளில் வேகம் பாதியாக, 6.25 மெகாபைட்டாகக் குறைந்திருந்தால்? அதை மட்டும் நம்பினால் விடை 12 நிமிடம். நிரல்கள் பெரும்பாலும் இரண்டையும் கலக்கின்றன: புதிய வேகத்துக்கு 0.3 பங்கு, பழைய சராசரிக்கு 0.7 பங்கு என்று வைத்தால் 10.625 கிடைக்கும்; மீதி நேரம் ஏறத்தாழ 7 நிமிடம். பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் பலரும் முன்னேற்றம் காட்டப் பயன்படுத்தும் டிக்யூடிஎம் (tqdm) என்னும் நிரல் நூலகத்தில் இயல்பாக அமைந்திருப்பதும் இந்த 0.3-தான். (முன்னேற்றத்தைக் குறிக்கும் ‘தகத்தும்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது.) பங்கைக் கூட்டினால் எண் துள்ளும், குறைத்தால் மாற்றத்தை உணரத் தாமதமாகும். எல்லா வேலைக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது.

மொத்தமே தெரியாவிட்டால் ஊகத்துக்கும் வழியில்லை. டிடி சதவீதம் காட்டாததற்குக் காரணம் இதுதான். தனக்குத் தெரியாததை அது சொல்வதில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கோப்புறைகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) நிரல், கோப்புகளை அனுப்பிக்கொண்டே மிச்சக் கோப்புறைகளையும் தேடிச் செல்வதால், வழியில் மொத்தம் பெருகி, மொத்த வேலைக்கான சதவீதம் பின்னோக்கிக்கூட நகரும். பயனர் அதைப் பிழை என்று எண்ணுகிறார். உண்மையில் அது கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

காட்டுவதற்கும் செலவு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் திரைக்கு எழுதினால் வேலையே மெதுவாகிவிடும் என்பதால் டிக்யூடிஎம் பொதுவாக 0.1 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் எழுதுவதில்லை. வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று முதலில் இயங்குதளத்திடம் கேட்டுக்கொள்வதும் நல்லது; இல்லையேல் பதிவுக் கோப்பில் ஆயிரக்கணக்கான அரைகுறை வரிகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

இனி அந்த பென்டிரைவுக்கே வருவோம். 600 கோடி பைட்டும் நகலாகிவிட்டதாகக் காட்டிய பிறகும் டிடி சில நேரம் முடியாமல் நிற்கும்; முடிந்தாலும் பென்டிரைவின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். எழுதச் சொன்ன பைட்டுகளை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகச் சாதனத்துக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் திரையில் தெரிந்த அபார வேகம் நினைவகத்தின் வேகமே. நினைவகத்தில் அந்த இடம் நிரம்பியதும் வேகம் சரிவதும் அதனால்தான். சாதனத்தில் எல்லாம் இறங்கும்வரை முடிந்ததாகச் சொல்லாதே என்று டிடிக்குக் கட்டளையிடத் தனி விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் கடைசி வரி வெகுநேரம் அசையாமல் நிற்கும். அதற்குப் பிறகு வரும் நொடிக்கணக்கே உண்மையான கணக்கு.