குதிரை அடித்த தொளி

பெங்களூரின் வடக்கே எலஹங்காவைத் தாண்டி தொட்டபள்ளாபுரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் என் நண்பர் ஆறு குதிரைகள் வைத்திருக்கிறார். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பார். ஒரு செப்டம்பர் மாதம் அங்கே போனபோது, குதிரைகளை அவிழ்த்துவிடும் பேடாக்கின் கேட்டடியில் கணுக்கால் முங்கும் சேறு. பன்னிரண்டடி கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் காபி நிறத்தில் தண்ணீர் நின்றது. அங்கிருந்து இருபதடி தள்ளி வேலியோரம் போனால் அதே மண், அதே மழை. புல் முளைத்துக் கிடக்கிறது, செருப்பில் ஒட்டக்கூட இல்லை.

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் (சைஸ் என்றால் குதிரைக்காரர்) அம்பாசமுத்திரத்துக்காரர். ஒரு கடப்பாரையை எடுத்துவந்து சேற்றின் நடுவில் குத்தி நெம்பினார். மேலே அரையடிக்குக் கூழ். அதற்கடியில் ஓடு போல இறுகிய ஓர் அடுக்கு. அதையும் பெயர்த்து எடுத்தபோது வந்த மண்ணில் லேசான ஈரம்தான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று நாளாக மேலே நின்ற தண்ணீர் அரையடிகூட இறங்கவில்லை.

"எங்க ஊர்ல இதுக்குக் கூலி குடுத்துத் தொளியடிப்போம் சார். இங்க குதிரை சும்மாவே அடிச்சுக் குடுக்குது" என்றார்.

சாலை போடும் வேலையில் இருபது வருடம் இருந்த நான், மண் பரிசோதனை அறிக்கைகளை மூட்டை மூட்டையாகப் படித்திருக்கிறேன். கேட்டடிச் சேற்றை இவ்வளவு சரியாகச் சொன்ன வரி எதிலும் இல்லை.

நடவுக்கு முன் நெல் வயலில் தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்துச் சேற்றுக்கூழான தொளியாக்குவது எதற்கு? கட்டிய தண்ணீர் வயலை விட்டு இறங்கக் கூடாது என்பதற்காக. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். மணல், வண்டல், களி ஆகியவற்றின் துகள்கள், மட்கிய பொருளும் வேர்க்கசிவும் பூஞ்சை இழைகளும் சேர்ந்த பசையில் ஒட்டிக் குருணை குருணையாக நிற்கின்றன. குருணைகளுக்கு நடுவில் உள்ள பெரிய துளைகள் தண்ணீரை வடிய விடும். குருணைகளுக்குள் இருக்கும் சிறு துளைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண் முழுக்க நனைந்து இளகிய நேரத்தில் மிதித்துக் கலக்கினால் குருணைகள் உடைந்துபோகும். களித்துகள் 0.002 மி.மீட்டரைவிடச் சிறியது. அது பெரிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். கூழுக்குக் கீழே உள்ள மண்ணோ மிதிபட்டு மிதிபட்டு இறுகிவிடும். அந்த ஓடும் இந்தக் கூழும் சேர்ந்ததுதான் நஞ்செய். நெல்லுக்கு அது வரம். பேடாக் கேட்டில் அதுவே தலைவலி.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வேலியோரப் புல்லடியில் இருந்து ஒரு கட்டி, கேட்டடியில் இருந்து ஒரு கட்டி. இரண்டையும் நான்கு நாள் நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்கினேன். புல்லடிக் கட்டி சில காற்றுக்குமிழிகளை விட்டுவிட்டு முழுசாக அப்படியே உட்கார்ந்திருந்தது. தண்ணீரும் தெளிவாக இருந்தது. கேட்டடிக் கட்டி ஐந்து நிமிடத்துக்குள் சரிந்து, டம்ளரின் அடியில் குவியலாகிவிட்டது. மேலே நின்ற தண்ணீர் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருந்தது. இரண்டும் ஒரே மண்தான். ஒன்றில் பசை இருக்கிறது, மற்றதில் இல்லை.

சரி, குதிரை என்ன அவ்வளவு கனமா? ஒரு கணக்குப் போடலாம். 450 கிலோ குதிரை. குளம்பின் அடிப்பரப்பு ஏறக்குறைய 120 சதுர செ.மீ. குதிரையின் எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்னங்கால்களில் விழுகிறது. நடக்கும்போது ஒரு முன்னங்கால் தாங்கும் உச்சச் சுமை உடல் எடையில் பாதியைத் தாண்டும். அதாவது சதுர செ.மீட்டருக்கு 2 கிலோ. காரின் டயருக்கு நாம் பெட்ரோல் பங்கில் அடிக்கும் காற்றழுத்தமும் அதே அளவுதான். ஆனால் டயர் உருண்டு போய்விடும். குளம்போ நேராக இறங்கி, நுனியால் உந்தி, திரும்பும்போது திருகி, பிறகு பிடுங்கிக்கொண்டு மேலே வரும். அழுத்துவதைவிட இந்தத் திருகலும் உந்தலும்தான் குருணைகளை அரைக்கின்றன.

பன்னிரண்டடிப் பட்டையைக் கடக்க ஒரு குதிரை கிட்டத்தட்ட எட்டு முறை கால் வைக்கும். ஆறு குதிரைகள், காலை மாலை போக்குவரத்து நான்கு முறை: ஒரு நாளைக்கு 192 மிதி, மாதத்துக்கு 5,700க்கும் மேல். இது கடந்து போவதற்கு மட்டும். உண்மையில் குதிரைகள் கடந்து போவதைவிட நிற்பதுதான் அதிகம். நாலு மணிக்கு கொள்ளு வரும் என்று மூன்றரைக்கே கேட்டில் கூடிவிடும். கூட்டமாக வாழும் பிராணி. ஒன்று வந்தால் ஆறும் வரும். ஒன்றையொன்று இடித்து, சுற்றி, முன்னங்காலால் தரையைப் பறித்து, அங்கேயே சாணமும் போடும். மண்ணைக் கம்பி போலப் பிணைத்து வைத்திருந்த புல்வேர் முதல் மாதத்திலேயே செத்துவிடுகிறது.

இந்த மிதியெல்லாம் வெயில் காலத்திலும் விழுகிறதுதானே, அப்போது ஏன் சேறில்லை? இங்கேதான் தண்ணீரின் வேலை வருகிறது. சமையலறையில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்த புட்டு மாவு உதிரும். இன்னும் கொஞ்சம் விட்டால் சப்பாத்தி மாவு, வைத்த வடிவத்தில் நிற்கும். இன்னும் விட்டால் தோசை மாவு, ஓடும். களிமண்ணுக்கும் இதே எல்லைகள் உண்டு என்று அளந்து காட்டியவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க், 1911-இல். இன்றும் எங்கள் சோதனைக்கூடத்தில் மண்ணைக் கண்ணாடிமேல் வைத்து உள்ளங்கையால் முறுக்கு போல உருட்டுவார்கள், 3 மி.மீ. தடிமனில் விரிசல் விட்டு உடையத் தொடங்கினால் அதுதான் பிசைவு நிலையின் கீழ் எல்லை.

இதன் உள்கதையைச் சொன்னவர் மண் பொறியாளர் கார்ல் தெர்சாகி, 1920-களில். மண் சுமை தாங்குவது துகளும் துகளும் உரசிக்கொண்டு நிற்பதால். துளைகள் முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால், மேலே விழும் சுமையை முதலில் வாங்குவது அந்தத் தண்ணீர். தண்ணீர் சட்டென்று வெளியேற வழியில்லை, துகள்களைத் தள்ளி வைக்கிறது, உரசல் போய்விடுகிறது. குளம்பு இறங்குகிறது. வெளியே இழுக்கும்போது நேரெதிர்: அடியில் காற்றுப் புக இடமில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கிறது. லாடம் கழன்று சேற்றிலேயே தங்குவது இப்படித்தான். பிள்ளைகளின் ஷூவும் அப்படியே.

குதிரைக்கு இது அசௌகரியத்தோடு முடிவதில்லை. குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி உண்டு. அதன் இடுக்குகளில் சாணமும் சேறும் அடைத்துக் காற்றுப் போகாமல் இருந்தால், காற்றில்லாமல் வளரும் கிருமிகள் பெருகி, கறுப்பாக, நாற்றத்தோடு அழுகத் தொடங்கும். கணுக்காலுக்குக் கீழே தோல் ஊறி வெடித்து, சொரி சொரியாகப் பொருக்குத் தட்டும் நோயும் வரும். அதைக் கிளப்பும் பாக்டீரியா ஈரத்தோலுக்காகவே காத்திருப்பது. சேறு பட்டுவிட்டதே என்று தினமும் பைப்பு வைத்துக் காலைக் கழுவுவது பல இடங்களில் பார்க்கிற தப்பு. தோலை மேலும் ஊறவைக்கிறோம், அவ்வளவுதான். காயவிட்டு பிரஷ்ஷால் தட்டி எடுப்பது நல்லது. குளம்பை மட்டும் தினமும் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும்.

இனி என் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் நண்பருக்கு நான் கொடுத்த யோசனை, தேங்காய் நார்க்கழிவு. மலிவு, மெத்தென்று இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியது. தன் எடையைப்போல பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருளைச் சேற்றில் கொட்டினால் சேறு கூடுமா, குறையுமா? மொட்டைமாடித் தொட்டியில் அதைப் போட்டுச் செடி வளர்க்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இரண்டே வாரத்தில் கேட்டடி பஞ்சு போட்ட குளமானது. வைக்கோல், மரத்தூள் எல்லாம் இதே ரகம். கைப்பிடி அளவு பருமனான மரச்சில்லுகள் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு அவையும் மட்கி மண்ணோடு சேர்ந்துவிடும்.

இரண்டாவது யோசனையில்தான் எனக்கு அதிக வெட்கம், ஏனென்றால் அது என் தொழில். இரண்டு லோடு 40 எம்.எம். ஜல்லியைச் சேற்றின்மேல் நேராகக் கொட்டச் சொன்னேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஜல்லியைக் காணோம். பூமி விழுங்கிவிட்டது என்று நண்பர் சொன்னார். ஜல்லி எங்கும் போகவில்லை, கலந்துவிட்டது. குவித்த ஜல்லியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இடைவெளி. ஒவ்வொரு மிதிக்கும் கல் ஒரு நூல் கீழே இறங்க, கீழிருந்து கூழ் அந்த இடைவெளிகளில் பிதுங்கி மேலே வருகிறது. கல்லும் கல்லும் உரசிய இடத்தில் வழுவழுப்பான களி புகுந்துவிட்டால், கல் இருந்தும் பலம் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி சேறாகிற இடங்களிலும் நடப்பது இதேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லால்பாக் பூங்காவில் ஏறி உட்கார்ந்து வெயில் காய்கிறோமே, அந்தப் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையது. நைஸ் என்னும் வகை. பெங்களூரின் அடித்தளமே அதுதான். அந்தப் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மழையில் ஊறி ஊறிச் சிதைந்தால் வெண்களி. இரும்பு துருவேறினால் சிவப்பு. இரண்டும் சேர்ந்ததுதான் நம் செம்மண். அதே பாறையைக் கிரஷரில் போட்டு உடைத்தால் ஜல்லி. ஆக, கேட்டடியில் அண்ணன் தம்பியைத்தான் பிரித்துவைக்கப் பார்க்கிறோம்.

பிரித்துவைக்க ஒரு துணி போதும். ஜியோடெக்ஸ்டைல் என்று கேட்டால் கட்டுமானக் கடைகளில் கிடைக்கும். கம்பளி போல அமுங்கும், நெய்யாத பாலிப்ராப்பிலீன் துணி. தண்ணீர் அதன் வழியே போகும்; கல்லும் களியும் ஒன்றையொன்று சந்திக்காது.

ஆனால் அதற்கும் முன்னால் தண்ணீர். லாயத்தின் தகரக் கூரை 800 சதுர அடி. அதன் சரிவு கேட்டைப் பார்த்து இருந்தது. 50 மி.மீ. பெய்கிற ஒரு சாயங்கால மழையில் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 3,700 லிட்டர் கேட்டடிக்கு வரும். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீர் டேங்கருக்கு வரிசையில் நின்றதே, அந்தச் சின்ன டேங்கரில் கிட்டத்தட்ட ஒரு லோடு. கூரைக்கு ஒரு தகரத் தூம்பு போட்டு, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பினோம். மேட்டுப்பக்கம் ஒரு முழ அகலத்தில் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, வழிந்து வருவதைச் சுற்றிக்கொண்டு போக வைத்தோம். பெங்களூரில் ஆண்டுக்கு சுமார் 970 மி.மீ. மழை, செப்டம்பரில் மட்டும் 200 மி.மீட்டருக்குச் சற்று மேல். வானத்திலிருந்து நேராக விழுவதை ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்திலிருந்து வருவதைச் செய்யலாம். கையில் காசு இவ்வளவுதான் என்றால் ஜல்லியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள் என்பேன்.

மற்றதைப் பிப்ரவரியில், மண் காய்ந்திருக்கும்போது செய்தோம். ஜே.சி.பி. வைத்துக் கெட்ட மண்ணைச் சுரண்டி, கடினத் தரை வரும்வரை முக்காலடி எடுத்தோம். அடித்தரையையே ஐம்பதடிக்கு ஓரடி சரிவாக அமைத்துத் துணியை விரித்தோம். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஒன்றரை அடி படியும்படி போட்டோம். அதன்மேல் 40 எம்.எம். ஜல்லி அரையடி. ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கும், ஆனால் உருளும். உடைத்த ஜல்லியின் மூலைகள்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வெறும் ஜல்லி குளம்பின் அடியைக் குத்தும் என்பதால் மேலே மூன்று அங்குலம் கிரஷர் டஸ்ட் என்னும் கல்தூள். அதை இறுக்குவதிலும் தண்ணீர்க் கணக்கு உண்டு: ரொம்பக் காய்ந்தாலும் இறுகாது, ரொம்ப நனைந்தாலும் இறுகாது. கலிபோர்னியாவில் அணை கட்டிய ரால்ஃப் பிராக்டர் 1933-இல் வரைந்து காட்டிய வளைகோடு அது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் ஓட்டினோம். ஓரங்களில் கருங்கல் வைத்துக் கட்டியதால் ஜல்லி பரவிப் போக வழியில்லை. கேட்டிலிருந்து இருபுறமும் இருபதடி நீளம். பத்தடியோடு நிறுத்தியிருந்தால், குதிரைகள் காத்து நிற்கும் இடம் வெளியே விழுந்திருக்கும்.

காங்கிரீட் போட்டுவிடலாமே என்று நண்பரின் மைத்துனர் கேட்டார். நனைந்த காங்கிரீட்டில் லாடம் போட்ட கால் வழுக்கிய சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இடித்த கட்டிடக் கழிவு இலவசமாகக் கிடைக்கும். ஆணியும் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்த செப்டம்பரில் கேட்டடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் இறங்கிவிட்டது. சைஸ் அண்ணன் தினமும் சாணத்தை அள்ளிவிடுகிறார். ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் போடும்; விட்டுவைத்தால் அது மட்கி டஸ்ட்டின் துளைகளை அடைத்து, மேலேயே புதுச்சேறு பிடிக்கும். குதிரைகள் இப்போது கேட்டில் நிற்பதில்லை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கின்றன. "அங்க தொளி ஆரம்பிச்சிருச்சு சார்" என்றார். ஒரு லோடு ஜல்லியும் மிச்சமிருந்த துணியும் இப்போது அங்கே போகின்றன.