நெல்லு மில் கூம்புக்குள் என்ன நடக்கிறது?

பெரும்போக வெள்ளாமை வெட்டி முடியும் மாசி, பங்குனியில் இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் ஏதாவது ஒரு நெல்லு மில்லுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். உமி மேடு ஒன்று இருக்கும். அதற்கு மேலே, கூரையைத் தாண்டிய உயரத்தில், இரும்புக் கால்களில் ஒரு தகரக் கூம்பு நிற்கும். மேல்பாதி உருளை, கீழ்ப்பாதி புனல். பக்கத்தால் ஒரு குழாய் உள்ளே போகும், உச்சியால் ஒரு குழாய் வெளியே வரும், அடியில் ஒரு வாய். மில்காரர்கள் இதைச் சைக்ளோன் என்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சைக்ளோன் என்றால் வேறு ஞாபகம்தான் வரும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதே, அந்தச் சூறாவளி. பிள்ளை பிறந்தது சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தகரக் கூம்புக்கு அதே பெயரை வைத்தது சும்மா இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். மில்லில் எரிந்துபோன மோட்டரைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தால் கம்பிச்சுருளுக்கு இடையில் தவிடும் உமித்தூளும் ஈரமண் போல அப்பிக் கிடக்கும், கத்தி நுனியால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். இத்தனை தூசு எங்கிருந்து வருகிறது, அதைப் பிடிக்கத்தானே அந்தக் கூம்பு நிற்கிறது, பிறகு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் அதற்குள் தலையை விட்டேன். முதல்முறை நிறுத்தியிருந்த கூம்பின் மூடியைத் திறந்து பார்த்தபோது நம்பவே முடியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. வலை இல்லை, துணி இல்லை, சுற்றுகிற தட்டு இல்லை. நடுவில் மூடியிலிருந்து கீழே தொங்கும் ஒரு குட்டைக் குழாய், அவ்வளவுதான். வெறுந்தகரம் எப்படித் தூசைப் பிடிக்கும்?

களவெட்டியில் பொலி தூற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி விளங்கிவிடும். சுளகில் நெல்லை எடுத்து உயரத் தூக்கிச் சரிக்க, மணி நேரே கீழே விழும், பதரும் கூளமும் காற்றோடு தள்ளிப் போய் விழும். அங்கே இரண்டு இழுப்புகள் போட்டி போடுகின்றன. பூமி கீழே இழுக்கிறது, காற்று பக்கத்துக்கு இழுக்கிறது. மணியில் பூமி வெல்கிறது, பதரில் காற்று வெல்கிறது. ஆனால் தூசு மிகச் சிறியதானால் பூமியின் இழுப்பு அங்கே எடுபடாது. தண்ணீர் அளவு அடர்த்தியுள்ள, 10 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள ஒரு துகள் அசையாத காற்றில் செக்கனுக்கு 3 மில்லிமீற்றர்தான் இறங்கும். (தலைமுடி ஏறக்குறைய 70 மைக்குரோமீற்றர் தடிப்பு.) 3 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்துக்கு வர 17 நிமிடம் எடுக்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும், ஆக 1 மைக்குரோமீற்றர் துகள் அதே உயரத்தை இறங்கி முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மில்லுக்குள் காற்று எங்கே அசையாமல் நிற்கிறது? அந்தத் தூசு தானாக ஒருநாளும் இறங்காது, ஆளின் மூச்சுக்குள்தான் இறங்கும்.

சரி, பூமியின் இழுப்புப் போதாது என்றால் அதைவிடப் பலமான ஒன்றை நாமே உண்டாக்க வேண்டும். கூம்பு செய்வது அதைத்தான்.

புளோவர், அதாவது மோட்டரில் ஓடும் பெரிய காற்று விசிறி, தள்ளும் அல்லது உறிஞ்சும் தூசுக்காற்று உருளைக்குள் நடுவை நோக்கி நுழைவதில்லை, சுவரை உரசினாற்போல ஓரத்தால் நுழைகிறது. சுவர் வளைகிறது, காற்றும் வளைந்தே ஆகவேண்டும். காற்று வளைந்துவிடும். ஆனால் தூசு தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட ஆயிரம் மடங்குக்குக் கிட்ட அடர்த்தியானது, ஓடி வந்த திசையிலேயே நேரே போகப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் சடத்துவம் என்று படித்தோமே, அதுதான். காற்று திரும்பத் திரும்பத் தூசு திரும்பாமல் சுவரில் போய் முட்டுகிறது. கணக்கும் லேசுதான்: வேகத்தை வேகத்தால் பெருக்கி, ஆரையால் பிரிக்க வேண்டும். 1 மீற்றர் விட்டமுள்ள கூம்புக்குள் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் காற்று நுழைகிறது என்று வைத்தால், 225ஐ அரையால் பிரிக்க 450 வரும். பூமியின் இழுப்பு 9.8. ஏறக்குறைய 46 மடங்கு! களவெட்டியில் பூமி 46 மடங்கு பலத்தோடு இழுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அந்தத் தூற்றலைத்தான் வட்டமாகச் சுருட்டித் தகரத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கூம்பின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே வேகத்துக்கு 92 மடங்கு வரும். மென்தூசுக்கு ஒரு பெரிய கூம்பை விட்டுவிட்டுச் சின்னச்சின்னக் கூம்புகளை வரிசையாக வைப்பது இதனால்தான். உமிக்கு அது சரிவராது, சின்ன வாயில் உமி அடைத்துக்கொள்ளும்.

பாரமான தூசு பாரத்தால் கீழே விழுகிறது, அதனால்தான் கூம்பு நிமிர்ந்து நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரிக்கிற வேலையில் பூமிக்குப் பெரிய பங்கு கிடையாது, சைக்ளோனைச் சரித்துப் படுக்க வைத்தாலும் தூசைப் பிரிக்கும். சுவரில் சேர்ந்த தூசைக் கீழே வாய்வரை கொண்டுபோவது பெரும்பாலும் சுழன்று இறங்கும் காற்றேதான்.

இறங்கிய காற்று பிறகு எங்கே போகிறது? கூம்பு ஒடுங்க ஒடுங்க அதற்கு இடமில்லாமல் போகிறது, அடிக்குக் கிட்ட வந்ததும் உள்பக்கமாகத் திரும்பி, நடுவால், அதே பக்கமாகச் சுழன்றுகொண்டே மேலே ஏறி, நான் சொன்ன அந்தக் குட்டைக் குழாயால் வெளியே போகிறது. ஒரு சுழலுக்குள் இன்னொரு சுழல். வெளிச்சுழல் இறங்கும், உட்சுழல் ஏறும். குட்டைக் குழாய் உள்ளே நீண்டிருப்பதற்கும் காரணம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் நுழைந்த தூசுக்காற்று சுற்றாமலே நேரே உச்சியால் தப்பிவிடும். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்த மில்களைக் கண்டிருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நடுவுக்குப் போகப் போகச் சுழற்சி வேகம் கூடும், அமுக்கம் குறையும். மையத்தில் அமுக்கம் தாழ்ந்து, சுற்றிவரக் காற்று சுழல்வது 1978இல் எங்கள் ஊருக்கு மேலே நின்றதிலும் நடந்தது, இந்தத் தகரத்துக்குள்ளும் நடக்கிறது. பெயர்ப் பொருத்தம் அதுதான். இந்தத் தாழமுக்கத்தைப் புரிந்துகொள்ளாததால்தான் எங்கள் பக்கத்தில் பாதிக் கூம்புகள் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். தவிட்டுத் தூசை உறிஞ்சும் கூம்பு. புளோவர் அதற்குப் பிறகு இருக்கிறது, அதாவது கூம்பு முழுவதும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அமுக்கத்தில் இருக்கிறது. மெசின் பார்க்கிற காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார், "தம்பி, மெசினில பிழையில்ல, காத்து நல்லா இழுக்குது, ஆனா தூசு எல்லாம் மேலாலதான் போகுது." அவர்கள் அதற்கு முதலே பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புலியை, மாற்றிப் புளோவரை வேகமாகச் சுற்ற வைத்திருந்தார்கள். தூசு இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. நான் போய் அடிவாயைப் பார்த்தேன். சாக்கை ரியூப் றப்பரால் சுற்றிக் கட்டியிருந்தார்கள், தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு பக்கம் சுண்டுவிரல் போகிற அளவுக்கு இடைவெளி. பேப்பரில் ஒரு கீற்றுக் கிழித்து அந்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன், விரலிலிருந்து பறித்ததுபோல 'சட்' என்று உள்ளே போய்விட்டது. (இதைப் பார்க்க ஊதுபத்தியோ நெருப்புக்குச்சியோ கொண்டு போகாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.)

பிடித்து வைத்த தூசு கூம்பின் நுனியில்தான் சுழன்றுகொண்டு இருக்கும். அதே இடத்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தால் அது நேரே நடுச்சுழலில் ஏறும், போகிற வழியில் பிடித்த தூசையும் அள்ளிக்கொண்டு உச்சியால் போய்விடும். புளோவரை வேகமாக்கினால் உறிஞ்சல் கூடும், அந்த ஓட்டையால் வருகிற காற்றும் கூடும். காக்காவுக்கு அதைச் சொன்னதும் சாக்கை அவிழ்த்து, பழைய கன்வேயர் பெல்ட்டில் ஒரு வளையம் வெட்டி வைத்து, சுற்றிவர இறுக்கிக் கட்டினார். பின்னேரத்துக்குள் சாக்கு நிறைந்து மாற்ற வேண்டி வந்தது. அதுவரைக்கும் அந்தச் சாக்கை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மாற்றிக்கொண்டு இருந்தார்களாம். பெரிய மில்களில் சாக்குக்குப் பதிலாக இறக்கை வைத்த ஒரு உருளை மெதுவாகச் சுற்றும், இறக்கைகளுக்கு இடையில் தூசு கீழே போகும், காற்று மேலே வராது. உமியை ஊதித் தள்ளுகிற கூம்புகளில் புளோவர் முன்னால் இருப்பதால் அடிவாய் திறந்தே இருந்தாலும் இவ்வளவு சேதம் வராது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாக் கூம்புக்கும் அடி திறந்திருக்கலாம் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது சுத்தியல். தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை எண்ணெய். மாரி காலத்தில் காற்றில் ஈரமும் சேர, தவிடு கூம்பின் உட்சுவரில் களியாக ஒட்டிக்கொள்ளும், வாய் அடைக்கும். உடனே சுத்தியலால் நாலு தட்டு. தட்டினால் விழும்தான், ஆனால் தகரம் நெளிந்துவிடும், ஒவ்வொரு நெளிவும் சுவரோடு வழுக்கி வருகிற தூசை மீண்டும் நடுவுக்குத் தெறிக்க வைக்கும், நெளிந்த இடத்தில் அடுத்தமுறை இன்னும் கூடுதலாக ஒட்டும், பிறகு இன்னும் தட்டு. அம்மி கொத்தினாற்போல முழுவதும் பள்ளம் விழுந்த கூம்புகள் இருக்கின்றன. சுத்தியலுக்குப் பதிலாக ஒரு கதவு வெட்டி வைத்தால் மில் நிற்கும்போது திறந்து சுரண்டிவிடலாம்.

இந்தக் கூம்பு உலகத்துக்கு வந்த கதை சந்தோசமானதில்லை. 1878 மே 2ஆம் திகதி அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் வாஷ்பேர்ன் ஏ என்ற பெரிய மாவு மில் வெடித்து 18 பேர் செத்துப் போனார்கள். வெடித்தது வெடிமருந்து இல்லை, மாவு. மாவை மூட்டையாக வைத்து நெருப்பு வைத்தால் மெதுவாகக் கருகும், அதையே காற்றில் தூவி, ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒட்சிசன் நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும், அடைத்த கட்டிடத்தில் அந்தச் சூட்டுக் காற்று போக இடமில்லாமல் சுவரைத் தள்ளும். அதற்குப் பிறகு மில் தூசைப் பிடிக்கிற மெசின்களில் எல்லோருக்கும் அக்கறை வந்தது. 1885இல் நிக்கர்பொக்கர் கம்பனிக்காக ஜோன் ஃபிஞ்ச் என்பவர் சுழல்காற்றால் தூசு பிரிக்கும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1951இல் ஸ்டெயர்மண்ட் என்ற ஆய்வாளர் கொடுத்த அளவுகளை இன்றைக்கும் பார்த்துச் செய்கிறார்கள்: உருளையின் விட்டம் 1 என்றால் முழு உயரம் 4, உச்சிக் குழாயின் விட்டம் அரை, நுழைவாயின் உயரம் அரை, அகலம் ஐந்தில் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு கூம்பைக் கண்ணால் பார்த்து அதேபோல இன்னொன்றை வெல்டிங்கில் ஒட்டுகிற வழக்கம் இருக்கிறது. ஒட்டுகிறவர்களின் கைத்திறமையில் குறை சொல்ல முடியாது, தகரம் வெட்ட முதல் இந்த நாலு அளவையும் நாடாவால் சரிபார்த்தால் போதும்.

கூம்பால் முடியாததும் ஒன்று இருக்கிறது. உமி, பெருந்தவிடு எல்லாவற்றையும் அது விடாது பிடிக்கும். 10 மைக்குரோமீற்றருக்குக் கீழே போகப் போகக் கைநழுவ விடும், 2, 3 மைக்குரோமீற்றர் அளவில் பெரும்பகுதி உச்சியால் போய்விடும். அவ்வளவு சிறிய துகள் காற்று வளைகிற வளைவுக்கெல்லாம் கூடவே வளைந்துவிடும். நுரையீரலின் அடிவரைக்கும் போவது அந்த அளவுதான். நெல்லுச் சுணை பட்டு உடம்பு கடிக்கிறதே, அந்தச் சுணை முள்ளிலும் உமியிலும் இருக்கிறது சிலிக்கா, உமியை எரித்த சாம்பலில் நூற்றுக்கு 85க்கு மேல் அதுதான். குழாய் வளைவுகளைத் தேய்த்து ஓட்டை போடுவதும் அதுவே. இரும்பை அறுக்கிற சாமான் என்று தெரிந்தும் துவாயை மூக்கில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க அதற்குள் நிற்கிறார்கள்.

அதனால் கூம்பின் உச்சியால் வருகிற காற்றைத் துணிப்பைகளுக்குள் விட வேண்டும். நீளமான பைகள், காற்று துணியால் ஊடுருவி வெளியே வரும், தூசு துணியில் தங்கும், இடைக்கிடை உதறிவிட வேண்டும். கூம்பு இல்லாமல் பையை மட்டும் வைத்தால் உமியும் தவிடும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் துணியை அடைத்துவிடும். கூம்பு முதலில், பை பிறகு. காக்காவின் மில்லில் கூம்புக்கும் மதிலுக்கும் நடுவில் ஆறடி இடம் இருக்கிறது, போன கிழமை நாடா பிடித்து அளந்தோம், ஆள் உயரத்துக்கு நாலு பை தொங்கவிடலாம். சிறுபோக நெல்லு வர முதல் சட்டத்தை ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.