எடுத்த காட்சிகள் எங்கே இருக்கின்றன?

பல்கலைக்கழக வீடியோ குழு என்றால் விழா நடக்கும் இடத்தில் கேமராவோடு நிற்பவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். துறைகளிலிருந்து வரும் அழைப்புகளும் அப்படித்தான் இருக்கும்: "நாளைக்கு ஒரு கருத்தரங்கு, வந்து எடுத்துக் கொடுத்துடுங்க, மூணு நிமிஷம் வந்தா போதும்." சரி, மூன்று நிமிடம் கொடுத்துவிடலாம். அதற்காக எடுத்த மீதிக் காட்சியெல்லாம் எங்கே போகிறது, பத்து வருடம் கழித்து யாராவது வந்து கேட்டால் கிடைக்குமா என்று விசாரிப்பவர்கள் மிகவும் குறைவு. எங்கள் அன்றாட வேலையில் பெரும்பகுதி அந்த மீதியைப் பத்திரப்படுத்துவதுதான். துறைகளின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடக்காது.

ஒரு வாரத்துக்குள் பல விதமான வேலைகள் வரும். ஒரு பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வகத்தில் ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று காட்ட வேண்டும். பட்டமளிப்பு விழாவை நேரலையாக அனுப்ப வேண்டும். இதற்கிடையில் ஓர் ஆவணப்படம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீண்டுகொண்டே இருக்கும். பாடப் பதிவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிடும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே எடுத்துப் போடுங்கள் என்று கேட்கும் பேராசிரியர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

அதிக நேரம் பிடிப்பதும், பிற்காலத்தில் அதிகம் பயன்படுவதும் பேட்டிகள்தான். ஓய்வுபெறப் போகும் ஒரு பேராசிரியரை அவருடைய ஆய்வகத்திலேயே உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும் என்று துறை விரும்பும். பின்னணிக்கு அந்த இடம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் உறைகலன் ஒரு மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும், அதை அணைக்கவே முடியாது. வீட்டில் எடுக்கும் பேட்டி என்றால் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, அதனால் ஃபிரிட்ஜை மறுபடி போடவும் மறக்காது. ஆய்வகத்தில் அது நடக்காது. எனவே பேட்டியை வேறு அறைக்கு மாற்றி, ஆய்வகக் காட்சிகளைத் தனியாக எடுத்துக்கொள்கிறோம். கொஞ்சம் இருட்டாகப் பதிவான காட்சியை எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்ய முடியும். பேச்சோடு கலந்துவிட்ட இரைச்சலைப் பேச்சு கெடாமல் முழுதாகப் பிரித்தெடுப்பது இன்றைக்கும் கஷ்டம்தான்.

கேமரா ஓடத் தொடங்கியதும் பேசுபவர் தன் பெயர், பொறுப்பு, அன்றைய தேதி மூன்றையும் தன் வாயாலேயே சொல்லும்படி கேட்கிறோம். சிலருக்கு இது வீண் சடங்காகத் தோன்றும். ஆனால் கோப்பின் பெயரை யாரோ மாற்றிவிட்டாலும், கூட வைத்த குறிப்பு தொலைந்தாலும், அந்தக் குரல் காட்சிக்குள்ளேயே இருக்கும். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம், ஏனென்றால் கேட்பவரின் குரலைப் பின்னால் வெட்டிவிடுவோம். "ஆமாம், ரொம்ப சிரமம்" என்று மட்டும் பதிவாகியிருந்தால் எது சிரமம் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பேட்டி முடிந்த பிறகு அரை நிமிடம் யாரும் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்வதற்காக. ஒரு வாக்கியத்தை நடுவில் வெட்டி ஒட்டும்போது அந்த ஒலியை அடியில் போட்டால்தான் வெட்டு காதுக்குத் தெரியாது. அந்த அரை நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள், தயவுசெய்து.

இப்படி ஒன்றரை மணி நேரம் பேசியதில் நான்கு நிமிடம்தான் வெளியே போகும். முதல் கருவியை எங்கிருந்து வாங்கினார்கள், துறை தொடங்கியபோது யார் யார் இருந்தார்கள், எந்த ஆய்வு தோற்றது, ஏன் தோற்றது என்பதெல்லாம் மீதியில்தான் இருக்கிறது. எனக்கு அந்த மீதிதான் முக்கியம். விளம்பர வீடியோவை அடுத்த வருடமும் எடுக்கலாம். அந்த மனிதரை மறுபடி அதே நினைவுத் தெளிவோடு உட்காரவைக்க முடியுமா என்பது நம் கையில் இல்லை.

அப்புறம், படப்பிடிப்பிலிருந்து திரும்பியதும் தொடங்கும் வேலை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, இரண்டு மணி நேரம் என்றால் 180 ஜிபி. மெமரி கார்டிலிருந்து இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, நகல் மூலத்தோடு ஒவ்வொரு பிட்டும் ஒத்துப்போகிறதா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் விதி. சொல்வது சுலபம். இடத்துக்கும் டிஸ்க்குக்கும் வருடா வருடம் பணம் வேண்டும், அந்தச் செலவைக் கேமரா வாங்கும் அன்றே கணக்கில் சேர்க்கும் நிறுவனங்கள் குறைவு.

பெரிய அமைப்புகளே இதில் தவறியிருக்கின்றன. 1969-ல் அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய ஒளிபரப்பை நேரடியாகப் பதிந்த மூல நாடாக்களை நாசா பல வருடம் தேடியது. டேப் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் அறிவித்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பின், தரம் குறைந்த பதிவுகளிலிருந்துதான் காட்சிகளைச் சீரமைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. இந்த நாடாவில் என்ன இருக்கிறது, இதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல அந்த நேரத்தில் ஆள் இல்லை என்றால் எங்கேயும் இதுதான் நடக்கும்.

அதனால்தான் காட்சிக் குறிப்பு எழுதுவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். கோப்பின் பெயர் தேதியில் தொடங்க வேண்டும், வருடம் முதலில் வர வேண்டும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைத்தால் யாருக்கும் உதவாது. ஒவ்வொரு காட்சிக்கும் இடம், நிகழ்ச்சி, இடமிருந்து வலமாக யார் யார் என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கடைசி விவரம் எங்களிடம் இருக்காது, துறையில்தான் இருக்கும். ஒரு கருத்தரங்கின் மேடையில் ஏழு பேர் இருந்தால் எங்களுக்கு இரண்டு பேரைத் தெரியும். அந்த வாரத்திலேயே துறையிலிருந்து ஒருவர் பத்து நிமிடம் எங்களோடு உட்கார்ந்தால் ஏழு பெயரும் பதிவாகிவிடும். ஐந்து வருடம் கழித்து அதே வேலைக்கு ஊர் முழுக்க மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும், அப்போதும் இரண்டு முகங்கள் பெயரில்லாமலே நின்றுவிடும்.

சப்டைட்டிலும் பாதுகாப்போடு சேர்ந்ததுதான். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலவச விரிவுரைப் பதிவுகளில் பலவற்றுக்குச் சரியான எழுத்து வடிவம் இல்லை, காது கேளாதவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் 2016-ல் சுட்டிக்காட்டியது. அவ்வளவையும் திருத்தும் செலவைக் காரணம் காட்டி, 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை 2017-ல் பொதுப் பார்வையிலிருந்து பல்கலைக்கழகம் விலக்கிக்கொண்டது. காது கேளாதவர்கள் கேட்டது நியாயம். பதிவு செய்த அன்றே ஒவ்வொன்றுக்கும் எழுத்து சேர்த்திருந்தால் இப்படி எல்லோரும் இழந்திருக்க வேண்டியதில்லை. தானாக வரும் சப்டைட்டிலை மட்டும் நம்பவும் முடியாது. துறைச் சொற்களையும் ஆட்களின் பெயர்களையும் அது அடிக்கடி தவறாக எழுதும், ஒரு மாணவரோ ஆசிரியரோ ஒருமுறை படித்துத் திருத்தியே ஆக வேண்டும். திருத்திய அந்த எழுத்து, பின்னால் ஒரு சொல்லை வைத்துத் தேடி அந்த வினாடிக்கே போகவும் உதவும்.

ஒப்புதல் படிவம் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மாணவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. மதிப்பெண் போடுபவர் முன்னால் "நான் வரமாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? நாங்கள் தனியாகப் பேசி, எதற்காக எடுக்கிறோம், எங்கே வெளியாகும், பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று விளக்கிய பிறகே படிவத்தைக் கொடுக்கிறோம். இணையத்தில் வெளியிடுவதற்கும் காப்பகத்தில் வைப்பதற்கும் தனித்தனிக் கட்டம் இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வகுப்பில் கடைசி வரிசை முழுவதும் கேமராவுக்குப் படாத இடம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

ஒரு நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிடுவதென்றால் இரண்டு வாரம் முன்னால் கூப்பிடுங்கள். யார் பார்ப்பதற்காக, எங்கே வெளியிட என்று மட்டும் சொன்னால் போதும், எப்படி எடுக்கலாம் என்பதைச் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். நிகழ்ச்சி நிரலும் பேசுபவர்களின் பெயர்ப் பட்டியலும் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டால் எழுத்துப் பிழையோடு யாருடைய பெயரும் திரையில் வராது.

அவசரமான ஒன்றும் இருக்கிறது. துறை அலமாரிகளில் கிடக்கும் பழைய விஎச்எஸ், பீட்டாகேம், மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள். நாடா மட்கிப்போவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் போகிறார்கள். 2019-ல் யுனெஸ்கோ காந்த நாடாக்கள் பற்றி விடுத்த எச்சரிக்கையில் 2025-ஐ ஒட்டி வழக்கமான முறையில் அவற்றை ஓட்டி டிஜிட்டலாக மாற்றும் வசதி பல இடங்களில் நின்றுவிடக்கூடும் என்று சொன்னது. அந்த வருடமும் வந்துவிட்டது. உங்கள் துறையில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், கேசட்டின் மேல் எழுதியிருப்பதையும் உறைக்குள் இருக்கும் துண்டுச் சீட்டையும் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாடாவும் கெடும், கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும். அதை மட்டும் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டி, என்ன பிரச்சினை என்று மேலே எழுதி எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.