கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்களுக்கு காலேஜுக்கு என்னென்ன கிடைக்கும்: 7.5 சதவீதம், மாசம் ஆயிரம், ஃபர்ஸ்ட் கிராஜுவேட்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே எல்லார் வீட்லயும் ஒரே பேச்சுதான், இந்த மார்க்குக்கு எங்க சீட் கிடைக்கும், எவ்ளோ செலவாகும்னு. ஆனா தமிழ்நாட்டுல இருக்குற பெரிய சலுகைங்களுக்கு தகுதி இருக்கா இல்லயான்றது அதுக்கு ரொம்ப முன்னாடியே, ஆறாவதுல பிள்ளைய எங்க சேத்தோம், பத்து முடிச்சதும் பதினொண்ணாவதுக்கு எங்க அனுப்புனோம்ன்றதுலயே முடிவாயிடுது. அதனால வீட்ல ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா இத இப்பவே படிச்சிருங்க.

முதல்ல 7.5 சதவீதம், அதாவது மெடிக்கல் சீட்ல இவ்ளோ சதவீதத்த கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒதுக்குறது. நீட் வந்த பிறகு கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து மெடிக்கல் போற பிள்ளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம்ன்ற நிலமை ஆயிடுச்சு. நீதிபதி கலையரசன் கமிட்டி 10 சதவீதம் தரலாம்னு சொல்லுச்சு, அரசு 7.5-னு சட்டம் போட்டுச்சு, 2020 அக்டோபர் கடைசியில அமலுக்கு வந்துச்சு. அந்த ஒரே வருஷத்துல 300-க்கு மேல எம்பிபிஎஸ் சீட் இந்தப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குனாங்க. நீட் எழுதணும், குவாலிஃபை ஆகணும், அதுல மாத்தம் இல்ல, ஆனா போட்டி கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குள்ள மட்டும்தான். 2021-ல இதே 7.5 சதவீதத்த இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் கொண்டு வந்தாங்க.

சீட் மட்டும் குடுத்தா போதுமா? முதல் வருஷம் பிரைவேட் மெடிக்கல் காலேஜ்ல சீட் கிடைச்ச பிள்ளைங்க லட்சக்கணக்குல ஃபீஸ் எப்படி கட்டுறதுன்னு கவுன்சிலிங் ஹால்லயே முழிச்சு நின்னாங்க, சிலர் சீட்டே வேணாம்னு திரும்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஃபீஸ அரசே கட்டும்னு அறிவிப்பு வந்துச்சு. மத்த தொழிற்படிப்புக்கும் 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாமே அரசு பொறுப்பு. கூலி வேலைக்குப் போற அப்பா அம்மாவோட பிள்ளை ஒரு நல்ல இன்ஜினியரிங் காலேஜ்ல கையில இருந்து ஃபீஸ் கட்டாம நாலு வருஷம் படிச்சு வெளிய வரலாம், இத நம்பாதவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க.

இப்ப கண்டிஷனுக்கு வருவோம். ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் முழுசா கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் இதுல வரும். ஆர்டிஇ-ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல சேந்து, பிரைவேட் ஸ்கூல்ல எட்டு வரைக்கும் படிச்சிட்டு ஒன்பதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு வந்த பிள்ளைங்களும் வருவாங்க. ஆனா நடுவுல ஒரே ஒரு வருஷம் வேற ஸ்கூல் போனாலும் போச்சு. இங்கதான் நிறைய வீட்ல தப்பு நடக்குது, பத்தாவதுல பிள்ளை நானூத்தம்பது மார்க் எடுத்திருக்கும், பக்கத்து டவுன் பிரைவேட் ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கே வந்து ஃபீஸ்ல பாதி குறைக்கிறோம், கோச்சிங் தர்றோம்னு சொல்லுவாங்க, அப்பா அம்மாவும் பிள்ளை நல்லா வரட்டும்னு ஆசையில சேத்துருவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதே பிள்ளை பொது ரேங்க்ல நின்னு, கிடைக்கிற சீட்டுக்கு கடன் வாங்கி ஃபீஸ் கட்டும். அந்தப் பிள்ளை கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா இன்னும் நல்ல காலேஜே கிடைச்சிருக்கும். பத்தாவது ரிசல்ட் வர்ற வாரத்துலயே ஹெட்மாஸ்டருங்க பெத்தவங்கள கூப்பிட்டு இத விளக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எய்டட் ஸ்கூல், அதாவது அரசு உதவி பெறும் பள்ளியில படிக்கிற பிள்ளைங்களுக்கு 7.5 கிடையாது. பல ஊர்ல எய்டட்ல படிக்கிறதும் அதே தெரு, அதே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைங்கதான், இது எனக்கு நியாயமாப் படல. ஆனா விதி அப்படித்தான் இருக்கு. ஸ்கூல் போர்டுல 'அரசு உதவி பெறும்'னு இருக்கா வெறும் 'அரசு'ன்னு இருக்கான்னு ஆறாவது சேக்கும்போதே பாத்துக்கோங்க.

மாசம் ஆயிரம் ரூபா திட்டத்துல எய்டட் பிள்ளைங்களுக்கும் வழி உண்டு. பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சது, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருக்குற திட்டம். பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சாங்க. ஆறுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்க, எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சவங்க ரெண்டு பேருக்கும் கிடைக்கும். டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எதுல சேந்தாலும் சரி, படிப்பு முடியிற வரைக்கும் வரும். வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் இது தனி, வருமான வரம்பும் இல்ல. தபால் வழிப் படிப்புக்கு மட்டும் கிடையாது. காலேஜ் மூலமாத்தான் அப்ளை பண்ணணும், சேந்த உடனே அங்க இதுக்குப் பொறுப்பான சார் யாருன்னு கேளுங்க.

பணம் வரலன்னு சொல்ற பிள்ளைங்க கிட்ட நான் முதல்ல கேக்குறது பேங்க் அக்கவுண்டு பத்திதான். ஆதார் கடைசியா எந்த அக்கவுண்டோட சீடிங் ஆகியிருக்கோ, அதாவது இணைஞ்சிருக்கோ, அங்கதான் பணம் போய் விழும். ஸ்கூல்ல ஒரு அக்கவுண்டு, காலேஜ்ல ஒரு அக்கவுண்டுன்னு வச்சிருக்கவங்க ரெண்டையும் பாருங்க.

இதெல்லாம் பொருந்தாதவங்களுக்கு ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை இருக்கு. 2010-ல இருந்து இருக்கு, எந்த ஜாதியா இருந்தாலும் உண்டு. குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலன்னா, கவுன்சிலிங்ல தொழிற்படிப்பு சீட் எடுக்குற முதல் பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ்ல ஒரு பெரிய பகுதிய அரசு கட்டிடும். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான்.

எஸ்சி, எஸ்டி, மதம் மாறிய ஆதிதிராவிட கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் (பத்தாவதுக்கு மேல படிக்கிறதுக்கான உதவித்தொகை) உண்டு, பெத்தவங்க வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். 2012-ல வந்த அரசாணை 92-ன்னு ஒண்ணு இருக்கு, பிரைவேட் காலேஜ்ல படிக்கிற இந்தப் பிள்ளைங்களோட ஃபீஸ அரசு ஏத்துக்கறதப் பத்தினது. முதல்ல முழு ஃபீஸ் கட்டுங்க அப்புறம் பாக்கலாம்னு காலேஜ் சொன்னா, அந்த நம்பர சொல்லிக் கேளுங்க, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல எழுதிக் குடுங்க.

இதுல பெரும்பாலானது கவுன்சிலிங் மூலமா சேந்தா மட்டும்தான். ரிசல்டுக்கு முன்னாடியே ஏஜென்ட் வந்து 'சீட் புக் பண்ணிடுங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்'னு சொன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க, அது மேனேஜ்மென்ட் கோட்டா, காலேஜே நேரடியா நிரப்புற சீட். அதுல சேந்தா 7.5-ம் இல்ல, ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டும் இல்ல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் குடுத்துட்டா கவுன்சிலிங் வரும்போது கையில ஒண்ணும் இருக்காது.

சர்டிஃபிகேட்ட மே மாசத்துக்கு வைக்காதீங்க, அப்ப இ-சேவை மையத்துல கூட்டம் தாங்காது. ஜாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாம் விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபிஸ்னு போய்த்தான் வரும். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், மத்தத ஜனவரியிலயே எடுத்து வச்சிடலாம். ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், மார்க் ஷீட்ல முன்னாடி இருக்கும், அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும், இதெல்லாம் பிளஸ் டூ தொடங்கும்போதே சரி பண்ணிடுங்க. ஆறுல இருந்து படிச்சதுக்கான சான்றிதழ ஹெட்மாஸ்டர் குடுப்பாரு, நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா பழைய ஸ்கூல் விவரமும் சரியா ஏறியிருக்கான்னு பாத்துக்கோங்க.

பிளஸ் டூ முடிச்சிட்டு எங்கயும் சேராம வீட்ல இருக்குற பிள்ளை தெரிஞ்சா, நான் முதல்வன் திட்டத்துல 'உயர்வுக்குப் படி'ன்னு மாவட்டத்துல கேம்ப் நடத்துறாங்க, அங்க கூட்டிட்டுப் போங்க. சந்தேகம்னா பள்ளிக் கல்வி ஹெல்ப்லைன் 14417.