ஏழடி மனிதர்களும் ஏழு மீட்டர் கோடும்

2024 ஏப்ரல் 8 இரவு, அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. நம் ஊரில் அப்போது மறுநாள் காலை ஏழு மணி. ஒரு பக்கம் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குல உயரம். எதிரே கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டானவன் கிளிங்கன், 7 அடி 2 அங்குலம். பர்டூ அணி எடுத்த 60 புள்ளிகளில் 37 ஈடி ஒருவரே எடுத்தது. ஆனால் கனெக்டிகட் 75 எடுத்துக் கோப்பையை வென்றது.

அந்தப் பருவம் முழுக்க ஈடியின் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 25.2 புள்ளி. கிளிங்கனுடையது 13. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதையும் தொடர்ந்து இரண்டாவது முறையாக ஈடிதான் வாங்கினார். அப்புறம் ஜூன் மாதம் டிராஃப்ட் வந்தது. என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் அணிகள் வரிசையாக, தங்கள் முறை வரும்போது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. கிளிங்கனை 7-வதாகப் போர்ட்லண்ட் அணி எடுத்தது. ஈடியை 9-வதாக மெம்பிஸ் எடுத்தது.

ஈடிக்காவது ஒன்பதாம் இடம் கிடைத்தது. 2021-ல் அதே விருதை வாங்கிய அயோவாவின் லூக்கா கார்சா, ஆட்டத்துக்கு 24.1 புள்ளி எடுத்தவர், 52-வது இடம் வரை காத்திருந்தார். 2022-ல் வாங்கிய கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்ட், அதாவது குறி தவறித் திரும்பும் பந்து, பிடித்தவர். இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு டிராஃப்டுக்கு வந்தார்; அவர் பெயரை யாருமே கூப்பிடவில்லை. மூவருமே சென்டர்கள், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும், அணியின் மிக உயரமானவர்கள். கல்லூரியில் நாட்டிலேயே சிறந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் அடுத்த படியில் ஏன் இப்படித் தடுமாறுகிறார்? பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் கேள்வி இது. இதற்கான விடையின் பெரும்பகுதி ஆட்டக் களத்தின் அளவுகளிலேயே இருக்கிறது.

முதலில் இடம் எத்தனை என்று பார்த்துவிடலாம். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் மட்டும் சுமார் 360 அணிகள். என்பிஏ-வில் 30 அணிகள், அணிக்கு 15 நிரந்தர இடங்கள், ஆக 450. அணிக்கு மூன்று சென்டர் என்று வைத்துக்கொண்டால் உலகத்துக்கே 90 வேலைதான். அதிலும் புதிதாகக் காலியாவது வருடத்துக்குச் சில. செர்பியாவின் யோகிச், பிரான்சின் கோபேர், வெம்பன்யாமா என்று அமெரிக்கக் கல்லூரி வாசலையே மிதிக்காமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் வேறு இருக்கிறார்கள்.

உயரம் இல்லாமல் இந்த வரிசையில் நிற்கவே முடியாது, சரி. ஆனால் தேர்வாளர்கள் அளப்பது தலை உச்சி வரையிலான உயரத்தை மட்டும் அல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை நம் உயரமேதான் வரும். என்பிஏ வீரர்களுக்கு அது உயரத்தைவிடத் தெளிவாகவே அதிகம். ஈடிக்கு 7 அடி 10 அங்குலத்தைத் தாண்டுகிறது. தரையில் நின்றபடி கையை உயர்த்தினால் ஒன்பதரை அடி. கூடையின் வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. என்பிஏ வீரர் டிரேமண்ட் கிரீன் சென்டர் இடத்தில் ஆடும்போது 6 அடி 6 அங்குலக்காரராகத்தான் நிற்கிறார். ஆனால் கை விரிப்பு 7 அடி 1 அங்குலம். பந்தைத் தட்டுவது கைதானே, தலை இல்லையே. 2012-ல் 35-வதாக எடுக்கப்பட்ட அவர் பிறகு லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையே வாங்கினார்.

இனி களத்துக்கு வருவோம். கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய ஒரு செவ்வகக் கட்டம் உண்டு, பெயிண்ட் என்பார்கள். தாக்கும் அணி வீரர் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் சென்டர் அந்தக் கட்டத்தின் விளிம்பில் இடம் பிடித்து, முதுகைக் கூடைக்குக் காட்டிக்கொண்டு பந்துக்காக நிற்பார். 1940-களின் முடிவில் டிபால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜார்ஜ் மைக்கன் என்ற கண்ணாடி போட்ட சென்டரை யாராலும் தடுக்க முடியவில்லை. அவரைத் தள்ளி நிறுத்துவதற்காகவே 1951-ல் என்பிஏ அந்தக் கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. பிறகு வில்ட் சேம்பர்லின் வந்தார். 1964-ல் 16 அடியாக்கினார்கள். கல்லூரிக் களத்தில் அது இன்றும் 12 அடிதான்.

நான்கடி வித்தியாசம் என்றால் பக்கத்துக்கு இரண்டடி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கல்லூரியில் பந்தை வாங்கி, ஒரு தோள் திருப்பு, ஒரு எட்டு, கை வளையத்துக்குப் பக்கத்தில் போய்விடும். என்பிஏ-வில் அதே வேலைக்கு இன்னொரு டிரிப்பிள் வேண்டும். பந்து ஒரு முறை தரையைத் தொட்டு எழும்பும் நேரத்தில் இரண்டாவது தடுப்பாளர் வந்து சேர்ந்துவிடுவார்.

தடுப்பாட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கல்லூரி விதிப்படி, தடுக்கும் சென்டர் கூடைக்கு அடியிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். காவல்தெய்வம் மாதிரி அங்கேயே நின்று வருகிறவர்களை மறித்தால் போதும். என்பிஏ-வில் 2001-02 பருவத்திலிருந்து அதற்குத் தடை. கைக்கெட்டும் தூரத்தில் எதிரி யாரையும் காவல் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் பெயிண்டில் நின்றால் குற்றம். இதோடு மூன்று புள்ளிக் கோடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; அதற்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. கல்லூரியில் அது கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏ-வில் நடுப்பகுதியில் 7.24 மீட்டர். ஆக, கல்லூரி தன் உயரமான பிள்ளையை வீட்டு வாசலிலேயே நிற்க விடுகிறது. என்பிஏ அவரைத் தெருமுனைக்கு இழுத்துவிடுகிறது.

எப்படி இழுக்கிறது என்பதற்கு ஓர் ஐந்து விநாடியை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். பந்து வைத்திருப்பவர் ஒரு வேகமான கார்டு, அதாவது பந்தை நடத்திச் செல்லும் சிறிய வீரர், 6 அடி 3 அங்குலம். அவருடைய அணி சென்டர் ஓடிவந்து, கார்டைக் காவல் காப்பவரின் வழியில் சுவர்போல நிற்கிறார். இதுதான் ஸ்கிரீன். காவல்காரர் சுவரில் முட்டி ஒரு நொடி பின்தங்குகிறார். இப்போது முழுக் கணக்கும் தடுக்கும் சென்டர் தலையில். அவர் பெயிண்டுக்குப் பின்வாங்கினால் கார்டு கோட்டுக்கு வெளியே நிதானமாக நின்று மூன்று புள்ளிக்கு எறிவார். முன்னேறி வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணி சென்டர் கூடையை நோக்கி ஓடுவார். ஆளை மாற்றிக்கொண்டு கார்டையே மறித்தால், ஏழடி உடம்பு திறந்தவெளியில் ஒரு சிட்டுக்குருவியைத் துரத்த வேண்டும். இதற்குப் பிக் அண்ட் ரோல் என்று பெயர். ஒரு சென்டர் இங்கே திணறுகிறார் என்று தெரிந்துவிட்டால், எதிரணி அவரைத் தேடித் தேடி இதே ஆட்டத்தை ஆடும்.

ஏன் திணறுகிறார்? சோம்பல் இல்லை, இயற்பியல். ஒரே உடல்வாகு கொண்ட இருவரில் ஒருவர் மற்றவரைவிட 10 சதவீதம் உயரம் என்று கொள்வோம். தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 21 சதவீதம் கூடும். எடையோ கன அளவைப் பொறுத்தது, 33 சதவீதம் கூடும். இழுக்கும் பலத்தைவிட இழுக்க வேண்டிய சுமை வேகமாக ஏறுகிறது. காலை வீசித் திசை மாற்றுவதில் கணக்கு இன்னும் கடுமை. நீளமான கழி ஒன்றைச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: எடை மட்டுமில்லை, அந்த எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்து தடுக்கும். கணக்குப் போட்டால், அந்த 10 சதவீத உயரத்துக்கு விலையாகக் கால் வீச்சின் முடுக்கம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கூடவே இடுப்பு உயரத்தில் இருக்கிற ஈர்ப்பு மையம். உயரமானவர் சட்டென்று திரும்ப வேண்டுமென்றால் முழங்காலை மற்றவரைவிட ஆழமாக மடக்கி இறங்க வேண்டும், பிறகு எழ வேண்டும். கார்டு அதற்குள் போயே போய்விடுவார்.

அதனால்தான் தேர்வாளர்கள் கல்லூரி சென்டரின் காணொளியைப் பார்க்கும்போது அவர் எடுத்த புள்ளிகளைவிட இடுப்புக்குக் கீழேதான் அதிகம் பார்க்கிறார்கள்.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒரு உதாரணமும் உண்டு. பஞ்சாபியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடையடியை ஆண்டவர். 2014 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு சாக்ரமெண்டோ அணி குறுகிய ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. இந்திய வம்சாவளியில் என்பிஏ களத்தில் இறங்கிய முதல் மனிதர் ஆனார். மூன்று ஆட்டங்கள், மொத்தமாகச் சில நிமிடங்கள். அவ்வளவுதான் அவருடைய என்பிஏ வாழ்க்கை. அந்தச் சில நிமிடங்கள் வரை போக எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கால் வேகம் இல்லாதவருக்கு ஒரு மாற்று வழி உண்டு. தூரத்திலிருந்து எறியக் கற்றுக்கொள்வது. லீகின் சராசரிப்படி மூன்று புள்ளி எறிகளில் 36 சதவீதம் விழும்; ஓர் எறிக்கு 1.08 புள்ளி. கூடைக்குப் பக்கத்தில் இடித்துத் தள்ளி, பாதி முயற்சிகளில் வென்றாலும் 1 புள்ளிதான். அதோடு, சென்டர் கோட்டுக்கு வெளியே நின்று எறியத் தெரிந்தவர் என்றால் எதிரணி சென்டரும் பெயிண்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். உள்ளே மற்ற நால்வருக்கும் வழி திறந்துவிடும்.

புரூக் லோபஸ் இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2008-ல் 10-வதாக வந்த ஏழடிக்காரர். முதல் எட்டுப் பருவங்களில் மொத்தமாக மூன்றே மூன்று முறை மூன்று புள்ளி எறிந்து விழவைத்தவர். 2016-17-ல் ஒரே பருவத்தில் 134! அதற்கப்புறம் இன்னொரு முழு வாழ்க்கையே அவருக்குக் கிடைத்தது, சாம்பியன் பட்டம் உட்பட.

ஒரு கல்லூரி சென்டரால் இப்படி மாற முடியுமா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? அவருடைய மூன்று புள்ளி சதவீதத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பருவம் முழுக்க 30 முறைதான் எறிந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 35 சதவீதத் திறன் உள்ளவர்கூட, வெறும் அதிர்ஷ்டத்தால் 26-ஆகவோ 44-ஆகவோ தெரிவது மிகச் சாதாரணம். எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ என்றால் 200 எறிந்திருப்பார். அதில் இந்தத் தடுமாற்றம் சுமார் 3 சதவீதப் புள்ளிதான். யாரும் மறிக்காமல், ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி எறிவது அது. மணிக்கட்டும் விரல்களும் எவ்வளவு பழகியிருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எதிர்கால மூன்று புள்ளித் திறனைக் கணிக்க ஆய்வாளர்கள் முதலில் தேடிப் போவது ஃப்ரீ த்ரோ எண்ணைத்தான்.

வயதும் ஒரு கணக்கு. ஜோயல் எம்பீட் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் ஆடினார், சராசரி 11.2 புள்ளி. கார்சாவின் எண்ணில் பாதிகூட இல்லை. ஆனால் கேமரூனில் கிட்டத்தட்டப் பதினைந்து வயதுக்குப் பிறகுதான் பந்தையே தொட்டவர் அவர். சில வருடங்களில் இவ்வளவு கற்றவர் இன்னும் எவ்வளவு கற்பார் என்று அணிகள் யோசித்தன. டிராஃப்டுக்குச் சில நாட்கள் முன்னால் பாதத்தின் நடுவில் இருக்கும் படகு வடிவ எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. அப்படியும் 2014-ல் 3-வதாக எடுத்தார்கள். இரண்டு பருவம் களமிறங்கவே முடியவில்லை. 2023-ல் லீகின் மிகச்சிறந்த வீரர் ஆனார்.

அந்த எலும்பு உயரமானவர்களுக்குத் தீராத பகை. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையின் பல மடங்கு அதன் வழியாக இறங்குகிறது. ரத்த ஓட்டமும் அங்கே குறைவு, ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சீன சென்டர் யாவோ மிங்கின் ஆட்டத்தையும் பாதம்தான் முடித்துவைத்தது. 2007-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடனை முழங்கால் கைவிட்டது. மொத்தம் 105 ஆட்டங்களே ஆடினார்.

சிலருக்கு உயரமே நோயின் அடையாளமாக இருக்கும். பேய்லர் பல்கலைக்கழகத்தின் ஐசேயா ஆஸ்டின், 7 அடி 1 அங்குலம். 2014 டிராஃப்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு மார்ஃபன் குறைபாடு என்று தெரிந்தது. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு அது. இணைப்புத் திசு பலவீனமாகி, கைகால்கள் மிக நீளமாக வளரும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரும் மெல்ல விரிந்துகொண்டே போகும். கடுமையாக ஓடும்போது அது கிழிந்தால் உயிர் தங்காது. டிராஃப்ட் அன்று 15-வது பெயருக்கும் 16-வது பெயருக்கும் நடுவில் ஆணையர் ஆடம் சில்வர் மேடையேறி, என்பிஏ-வே ஆஸ்டினைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணீரோடு அவர் மேடைக்குப் போன அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்று ஆனது. டிராஃப்டின் பிற்பாதியான இரண்டாம் சுற்றிலாவது எடுபடுவோமா என்று சந்தேகத்தில் இருக்கும் சென்டருக்கு, கல்லூரியிலேயே இன்னொரு வருடம் தங்குவது இப்போது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஈடிக்கு அந்த வசதியும் சரியாக வாய்க்கவில்லை. கனடாக்காரர், மாணவர் விசாவில் இருந்தவர்; அந்த விசாவில் இப்படிச் சம்பாதிப்பது எளிதில்லை. 2023-லேயே டிராஃப்டில் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு, கல்லூரிக்கே வந்து இன்னொரு வருடம் உழைத்தார்.

மெம்பிஸில் முதல் பருவம் முடிந்தபோது ஈடி ஆண்டின் சிறந்த புதுமுக ஐவரில் ஒருவராக இருந்தார். கொஞ்ச நாளில் கணுக்காலில் அறுவை சிகிச்சை. 52-வது இடக்காரர் கார்சா டெட்ராய்டில் ஒரு பருவம், மினசோட்டாவில் மூன்று பருவம் என்று பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்த நிமிடங்களில் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து, 2025-ல் பாஸ்டன் அணியில் ஒப்பந்தம் போட்டார். கல்லூரியில் அவர் முதுகைக் காட்டி நின்று ஆண்ட அந்த 12 அடிக் கட்டத்துக்குள் இப்போது அவருக்கு அதிகம் வேலையில்லை.