ஸ்பானிஷ் படிக்க ஆங்கிலத்திடம் அனுமதி கேட்காதீர்கள்

"ஸ்பானிஷ் படிக்க விருப்பம் சேர், ஆனால் இங்கிலீஷ் எனக்கு மட்டுமட்டு. முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரட்டுமா?" பொத்துவிலில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கடந்த வாரம் தொலைபேசியில் கேட்டார். மட்டக்களப்பில் தனி வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே கேள்விதான். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருபவர்களோடு பேச ஆசைப்படுகிறவர் கேட்கிறார், இணையவழி வேலை தேடுகிறவர் கேட்கிறார், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையின் தாய் கேட்கிறார். ஆங்கிலம் தேறட்டும் என்று ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு, இரண்டும் இல்லாமல் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

தேவையில்லை. தொடக்க நிலையில் ஆங்கிலம் உதவுவதைவிட இடைஞ்சல் செய்வதே அதிகம்.

1628இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் மொழி, ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பு. அதிலிருந்து பிறந்த கிரியோல் என்ற கலப்பு மொழியை, எங்கள் ஊரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கின்றன. நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்க எந்த ஆங்கிலேயரும் வரவில்லை.

இனி, ஆங்கிலம் செய்யும் வேலையைப் பாருங்கள். 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மெ குஸ்தா எல் கஃபே' என்பார்கள். 'எனக்கு' என்று நாம் தொடங்குவதுபோலவே அவர்களும் தொடங்குகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் மாணவர், 'நான்' என்று ஆரம்பித்து 'யோ குஸ்தோ' என்கிறார். அதற்குப் பொருள், யாருக்கோ என்னைப் பிடிக்கும் என்பது! வயதும் அப்படித்தான். 'எனக்கு இருபது வயது' என்று நாம் சொல்வதை, இருபது ஆண்டுகள் என்னிடம் இருக்கின்றன என்ற பாங்கில் 'தெங்கோ பெய்ந்தே ஆஞோஸ்' என்கிறார்கள். ஆங்கில வழியில் வருகிறவரோ 'நான் இருபது' என்று சொல்லித் தானே இருபது ஆகிவிடுகிறார். 'வருகிறேன்' என்றால் வருவது யார் என்று வினையே சொல்லிவிடும் மொழி நம்முடையது, ஸ்பானிஷும் அப்படியே. இருந்தும் வாக்கியத்துக்கு ஒரு 'யோ' போட்டு என் காதைப் புண்ணாக்குகிறார்கள். நீ, நீங்கள் என்ற வேறுபாட்டையும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

'நான் இன்னார்' என்பதற்கு ஒன்று, 'நான் இங்கே, இப்படி இருக்கிறேன்' என்பதற்கு ஒன்று என ஸ்பானிஷில் இரண்டு சொற்கள். எல்லோரும் பயப்படும் இந்த ஸோய், எஸ்தோய் சிக்கலும் முதல் மாதத்தில் தமிழால் பாதி தீர்ந்துவிடும். 'நான் ஆசிரியர்' என்பதில் 'இருக்கிறேன்' இல்லை, அங்கே ஸோய். 'மட்டக்களப்பில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்றால் எஸ்தோய். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்று இயல்பைச் சொல்லும் இடத்துக்கு வரும்போது இந்த வழி கைவிட்டுவிடும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல்.

அப்படியானால் தமிழில் எழுதிவைத்தே படிக்கலாமா என்று உடனே கேட்பார்கள். இல்லை. யோசிப்பதற்குத் தமிழ், எழுதுவதற்கு ஸ்பானிஷ் எழுத்து. அண்மையில் கல்முனையிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் கொப்பியில் மூன்று நிரல்கள் இருந்தன: ஸ்பானிஷ், ஆங்கிலம், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்ட, அழகான கொப்பி. மூன்றாவது நிரலில் 'பெரோ' இரண்டு தடவை இருந்தது. ஒன்று 'ஆனால்', மற்றது 'நாய்'. நாய்க்கு ரகரம் நன்றாக உருள வேண்டும், அது கொப்பியில் ஏறவில்லை. 'பெசோ' என்றும் எழுதியிருந்தார். 'படம்' என்ற சொல்லில் வரும் பகரம் போட்டால் அது மெக்சிகோவின் நாணயம், 'தம்பி' என்ற சொல்லில் வரும் பகரம் போட்டால் முத்தம். சில்லறை மாற்றித் தரும் இடத்தில் நின்றுகொண்டு இதைக் குழப்பாதீர்கள்.

தக்காளி 'தொமாத்தே'. நம் தக்காளியில் வரும் அதே 'த'. பலர் 'ரொமாட்டே' என்கிறார்கள், அதுவும் ஆங்கிலப் பாடசாலைப் பழக்கம். 'ஓலா' என்று வணக்கம் சொல்லும்போது முன்னால் ஹகரத்தை ஒட்டவைப்பதும் அங்கிருந்து வந்ததுதான்.

தனி வகுப்பில் சேரப்போகிறீர்களா? முதல் சில வகுப்புகளுக்குப் பேனாவைப் பையில் வையுங்கள், காதைத் திறந்து வையுங்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆசிரியரே முப்பது நிமிடம் பேசினால் அது உங்கள் வகுப்பு அல்ல, அவருடைய சொற்பொழிவு. வேறு ஆளைத் தேடுங்கள். மூன்று மாதத்தில் சரளம் என்று விளம்பரம் போடுகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். வினைத்திரிபு அட்டவணையை மனனம் செய்து வந்து என்னிடம் ஒப்பிக்காதீர்கள், ஐந்து வினைகளை வாயில் பழக்கிக்கொண்டு வாருங்கள். தினமும் ஒரு நிமிடம் பேசி வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினால் போதும். ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் பரீட்சையின் தொடக்க மட்டமான ஏ1இலும் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகியவைதான் உண்டு. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

பெற்றோரிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வகுப்பு நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து, பிள்ளை தடுமாறும்போது ஆங்கிலத்தில் அடியெடுத்துக் கொடுக்காதீர்கள். நான்கு விநாடி மௌனமாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை. அது சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. தேநீர் வேண்டுமென்றால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், குடிக்கிறேன்.