வெயிலுக்குக் காசில்லை, வட்டிக்கு உண்டு

வளரும் நாடுகள் பலவற்றில் வெயில் கொளுத்துகிறது, சோலார் தகடுகளும் மலிந்துவிட்டன. பிறகும் ஏன் நிலக்கரியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கார்பன் உமிழ்வை நான்கு எண்களின் பெருக்கலாக எழுதிக் காட்டியவர் ஜப்பானியரான யோயிச்சி கயா. மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒவ்வொரு ரூபாய் வருமானத்தையும் ஈட்டச் செலவாகும் ஆற்றல், ஒவ்வொரு அலகு ஆற்றலும் கக்கும் கார்பன். முதல் இரண்டும் வளரும் நாடுகளில் ஏறத்தான் செய்யும். ஏறக் கூடாது என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. தூய ஆற்றல் கைவைப்பது நான்காவது எண்ணில். வருமானம் ஓரளவு உயர்ந்துவிட்டால் மாசு தானாகவே இறங்கிவிடும் என்று வளைகோடு போட்டுக் காட்டுவோரும் உண்டு. கார்பனைப் பொறுத்தவரை அது படித்தவர்களின் மூடநம்பிக்கை. கந்தகப் புகை அந்தந்த ஊர்க்காரரை இரும வைக்கும், அதனால் சட்டம் வரும். கார்பன் டை ஆக்சைடு கண்ணில்கூடப் படாது.

சரி, நிலக்கரிக்கு வருவோம். சூட்சுமம் வட்டியில் இருக்கிறது. அனல்மின் நிலையம் எரிபொருளை அன்றாடம் வாங்கி எரிக்கிறது. சோலார் நிலையமோ 25 ஆண்டு எரிபொருளையும் முதல் நாளே மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்ட மாதிரி. செலவெல்லாம் முன்கூட்டியே, அதுவும் பெரும்பாலும் கடனில். 100 கோடியை 4 சதவீத வட்டிக்கு வாங்கி 25 ஆண்டுகளில் அடைத்தால் ஆண்டுத் தவணை சுமார் 6.4 கோடி. வட்டி 12 சதவீதமானால் 12.75 கோடி. தகடும் அதே, வெயிலும் அதே, தவணை மட்டும் இரட்டிப்பு!

கணக்குக்காக, 4 சதவீத வட்டியில் இரண்டு மின்சாரமும் யூனிட் 10 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலாரில் 9 காசு கடன் தவணை, 1 காசு பராமரிப்பு. நிலக்கரியில் தவணை 3, எரிபொருளும் மற்றவையும் 7. வட்டி 12 ஆனதும் சோலார் 19 காசுக்குத் தாவுகிறது. நிலக்கரி 13-இல் நின்றுவிடுகிறது. காற்றாலைக்கும் இதே கதிதான். தகட்டின் திறனை இன்னும் ஒரு சதவீதம் கூட்டும் ஆய்வுக்குப் பணம் கொட்டுவது நல்லதுதான். ஆனால் வட்டியை 2 சதவீதம் இறக்கினால் அதைவிட அதிகம் மிச்சமாகும் என்பது என் கட்சி.

ஏழை நாட்டுக்கு வட்டி ஏன் கூடுகிறது? மின்கட்டணம் உள்நாட்டுப் பணத்தில் வசூலாகிறது, கடனை டாலரில் திருப்ப வேண்டும். நாணயம் சரிந்தால் யார் தலையில் விடியும் என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி போடுகிறார்கள். 2016-இல் ஜாம்பியா, உலக வங்கிக் குழுமத்தின் உத்தரவாதங்களோடு, சோலார் மின்சாரத்தை யார் மலிவாகத் தருவார்கள் என்று ஏலம் நடத்தியது. யூனிட்டுக்குச் சுமார் 6 அமெரிக்க சென்ட்; ஆப்பிரிக்காவில் அப்போது அதுவே மிகக் குறைவு. விலையை டாலரில் நிர்ணயித்ததால் முதலீட்டாளரின் பயம் தணிந்தது. ஆனால் ஜாம்பியாவின் நாணயமான குவாச்சா சரிந்தால் அந்தச் சுமை, மின்சாரத்தை வாங்கும் அரசு நிறுவனத்தின் தலையில். 2020-இல் அந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது.